சாதா டிஸ்க்

அக்டோபர் 4, வெள்ளி

இந்த டைரி பம்ப் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்தது. ஒன்பது மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு யாரையாவது திட்டியே ஆக வேண்டும். வாய்விட்டுத் திட்ட ஆள் சிக்காததால் எழுதுகிறேன்.

என் ஆய்வேட்டைத் திருத்திய இரண்டு பேரின் அறிக்கையும் வந்துவிட்டது. முதல் ஆள் புண்ணியவான், படிக்காமலேயே ‘மிகச் சிறப்பு’ என்று எழுதிவிட்டார். இரண்டாவது ஆள் வடக்கே ஏதோ பெரிய கல்லூரிப் பேராசிரியர், உட்கார்ந்து படித்துத் தொலைத்திருக்கிறார். ‘சாதா டிஸ்க் சோதனைகள் போதவில்லை, இன்னும் மூன்று செய்து இணைக்கவும்’ என்று கேட்டிருக்கிறார். நவம்பர் 15க்குள் பதில் போக வேண்டும். அன்றோடு என் ஏழு வருடப் பதிவு முடிகிறது, ஒரு நாள் தாண்டினாலும் ரத்து. முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்களை அடுத்த ஜூனுக்குப் பிறகு வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரி போன வருடமே சுற்றறிக்கை விட்டாயிற்று. ஆக, என் வேலை மூன்று டிஸ்க்கில் நிற்கிறது.

ஏழு வருடமாக என்ன கிழித்தாய் என்று கேட்டால் பதில் இதுதான். எண்ணெய் விட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிற இரண்டு இரும்புப் பரப்பில், ஒன்றில் லேசரால் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் போட்டால் உராய்வு குறையும். குழிக்குள் எண்ணெய் தங்கி, வேண்டும்போது கசியும். குழி போடாத சாதா டிஸ்க் உராய்வு எண் 0.11 காட்டுகிற இடத்தில் குழி டிஸ்க் 0.07 காட்டும். இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. என் நாத்தனார், “ஆட்டுக்கல்லு கொத்தறதுக்கா ஏழு வருஷம் படிக்கறே?” என்று கேட்டாள். அது உராய்வைக் கூட்டுவதற்கு, இது குறைப்பதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவளுக்குக் காது கேட்காது.

அக்டோபர் 7, திங்கள்

முதல் சாதா டிஸ்க் ஓட்டினோம். 0.112. வேறென்ன வரும்.

மெஷின் ரொம்ப எளிமையானது. டிஸ்க் சுற்றும், மேலே ஒரு இரும்பு ஊசி அழுத்தும், எண்ணெய் சொட்டும், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திரையில் எண்களைப் பார்க்க வேண்டும். பார்க்க எனக்குத் துணை சகாயராஜ். லேப் டெக்னீஷியன், ஐ.டி.ஐ. ஃபிட்டர், பதினான்கு வருடமாக ஒப்பந்த ஊழியர். டிசம்பர் பிறந்தால் புதுப்பிப்பார்கள். டிஸ்க்கைக் குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோல எண்ணெய்த் தாளில் சுற்றி வைப்பார். லேபில் யார் தும்மினாலும் ரிஜிஸ்தரில் எழுதிவிடுவார், அதுவும் தமிழில். நேரத்தைப் போக்க ஒரு வழி என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து மாவாட்டினேன். “என்ன அம்மிணி, குழி ரொம்பிருச்சா?” என்றார் வீட்டுக்காரர். ஏழு வருடமாக இதே கேலி. சிரிக்கவில்லை என்றால் கோபம் வேறு வருகிறது அவருக்கு.

அக்டோபர் 9, புதன்

இரண்டாவது, 0.109. மூன்றாவது ஆயுத பூஜை விடுமுறை கழிந்துதான். மகளுக்கு யூனிட் டெஸ்ட். இயற்பியல் புத்தகத்தில் உராய்வுப் பாடம். என்னிடம் கேட்காமல் யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை பூஜை என்பதால் இன்றே லேபில் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம். சகாயராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் பூஜைக்கு அவர்தான் எங்கள் துறையில் முதல் ஆள். வருடா வருடம் பழைய டிஸ்க் ஒன்றைக் கண்ணாடி மாதிரி தேய்த்துப் பொட்டு வைத்து மெஷின் முன்னால் சாய்த்து வைப்பார்.

நான் அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது வந்து நின்றார். “மேடம், குழி டிஸ்க்குக்குத் தேய்க்கற டைமண்ட் பேஸ்ட் கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்க. பூஜை டிஸ்க்குக்கு எடுத்துக்கட்டுங்களா? பழசு எதுவும் அகப்படலீங்க, பொட்டியில இருக்கற சாதா டிஸ்க்குல ஒண்ணத் தேய்ச்சுக்கறேன்.”

“எதையோ பண்ணுங்க சகாயராஜ், என்னை விடுங்க” என்றேன். பொரி, சுண்டல் கொடுத்தார்கள். சுண்டலில் உப்பு இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

மூன்றாவது டிஸ்க். 0.068.

குழி டிஸ்க்கை எடுத்து மாட்டிவிட்டார் என்று சகாயராஜைப் பிடிபிடி என்று பிடித்தேன். இரண்டு மாணவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்காகவும் நிறுத்தவில்லை. அவர் டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, “நீங்களே பாருங்க மேடம்” என்று ஒதுங்கி நின்றார்.

குழி இல்லை. ஒன்றுகூட இல்லை. வழவழவென்று இருந்தது. ஓரத்தில் துடைத்தும் போகாத குங்குமம் கொஞ்சம்.

“பூஜை முடிஞ்சு பொட்டியில திருப்பி வெச்சுட்டேனுங்க. தனியா வெச்சிருக்கோணும். என்ற தப்புங்க” என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய்

அதே டிஸ்க்கை இரண்டு தடவை ஓட்டினேன். 0.069. 0.067. இரண்டு தடவையும் சகாயராஜை டீ குடிக்க அனுப்பிவிட்டு நானே ஓட்டினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 16, புதன்

மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் நாசம். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

எழுதித்தான் பார்ப்போம், டைரியை யார் படிக்கப் போகிறார்கள்.

லேசர் அடித்தால் இரும்பு உருகி, குழியைச் சுற்றிப் பிசிறு தூக்கிக்கொண்டு நிற்கும். பிசிறோடு ஓட்டினால் எதிர்ப்பக்கத்தைச் சுரண்டிவிடும். அதனால் டைமண்ட் பேஸ்ட் தடவி பிசிறு போகும்வரை தேய்ப்போம். பிசிறை மட்டும் தேய்க்க முடியாது, டிஸ்க்கின் முகம் முழுக்கத்தான் தேயும். சாதா டிஸ்க்கில் பிசிறு ஏது? அதனால் அதைத் தேய்க்கவில்லை. கிரைண்டிங் ஆனபடி சொரசொரப்பாக அப்படியே ஓட்டினோம்.

தேய்த்த டிஸ்க்கையும் தேய்க்காத டிஸ்க்கையும் ஏழு வருடம் ஒப்பிட்டுவிட்டு, குறைந்த உராய்வுக்கெல்லாம் குழிதான் காரணம் என்று நூற்றி எண்பது பக்கம் எழுதியிருக்கிறேன். தேய்த்தால் குழி இல்லாமலே 0.068. குழி போட்டுத் தேய்த்தால் 0.07. என் குழிகள் ஒரு மயிருக்கும் பிரயோஜனம் இல்லை. பூஜைக்குப் பளபளப்பாக்கிய ஒரு டிஸ்க் மூன்று நாளில் இதைச் சொல்லிவிட்டது.

பயமாக இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் வேறு எந்தக் கல்லூரி என்னைச் சேர்க்கும்? யாராவது ஒருவர் அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

சௌந்தரபாண்டியன் சாரிடம் சொன்னேன். ஏழு வருடமாக என் வழிகாட்டி. நான் வரைபடத்தை விரித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“இதை யாருக்கும்மா காட்டினீங்க?”

“யாருக்கும் காட்டலை சார்.”

“நல்லது. உங்க ஆய்வேட்டுல சாதா டிஸ்க்னா என்னன்னு எழுதியிருக்கீங்க? கிரைண்டிங் முடிஞ்ச டிஸ்க். அவர் கேட்டதும் அதுதான். ரெண்டு எடுத்தாச்சு, இன்னொண்ணு அதே மாதிரி எடுத்து அனுப்புங்க. மெருகு போட்ட டிஸ்க் உங்க ஆராய்ச்சியிலேயே இல்லம்மா.”

“அப்ப குழி எதுக்கு சார்?”

“அதை நீங்க ஆராய்ச்சியில சேரும்போதே கேட்டிருக்கணும்” என்று சிரித்தார். பம்ப் கம்பெனி இவருடைய பேரை நம்பித்தான் மோட்டார் பேரிங்கில் குழி போட லேசர் வாங்குகிறது. சிரிக்காமல் என்ன செய்வார். எழுந்து வரும்போது கேட்டார், “அந்த டிஸ்க்கைத் தேய்ச்சது யாரு?”

சொன்னேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

அக்டோபர் 25, வெள்ளி

பழைய ரிஜிஸ்தர்களைத் தேடி எடுத்தேன். முதல் சோதனையில் என்னதான் செய்தோம் என்று பார்க்க. ஆறு வருடத்துக்கு முந்தைய ரிஜிஸ்தர், சகாயராஜின் குண்டு குண்டு எழுத்து:

‘குழி டிஸ்க் 6ம் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாச்சு. சாதா டிஸ்க் 6ஐயும் அதே மாதிரி தேய்க்கணுமா, இல்லேன்னா ரெண்டும் ஒண்ணாகாதே என்று மேடத்திடம் கேட்டேன். தேவையில்லை, சொன்னதை மட்டும் செய்யவும் என்றார்கள்.’

தேதி, மணி எல்லாம் இருக்கிறது. எனக்கு இப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே ஞாபகம் இல்லை. அந்த மாதம் மகளுக்கு டெங்கு, நான் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஐ.டி.ஐ. படித்தவர் எனக்கு ஆராய்ச்சி சொல்லித் தருகிறாரா என்று தோன்றியிருக்கலாம். தோன்றியது. அவர் கேட்டபோது கையில் கரித்துணி வைத்திருந்தார், நான் அந்தத் துணியைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

ரிஜிஸ்தர் லேபில் கிடந்தால் கரையான் அரிக்கும். வீட்டுக்கு எடுத்து வந்து அட்டாலியில், பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்து முதல் நாள். சகாயராஜ் மனைவி செய்த முறுக்கு ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை, எனக்காகச் செய்ததாம். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா. நாம ரெண்டு வகையையும் ஒரே மாதிரி தேய்ச்சுப் பார்த்திருக்கோணுங்க.”

நான் முறுக்கு டப்பாவை மூடினேன்.

“இன்னும் பத்து நாள் இருக்குதுங்களே. ஆறு டிஸ்க்கு நான் கிரைண்டிங் பண்ணித் தேய்ச்சுத் தர்றேன். சனி, ஞாயிறும் வர்றேனுங்க. உள்ளதை எழுதி அனுப்பினா அந்தச் சாரு தள்ளியா போடுவாரு? குழியில ஒண்ணுமில்லைன்னு சொல்றதும் ஒரு ரிசல்ட்டுதானுங்க.”

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி என்று சொல்ல வாய் வந்தது. அவர் சொன்னது சரி. பத்து நாளில் முடியும். திருத்துகிறவர் நல்லவராக இருந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஏழு வருடம் போச்சு, வேலையும் போச்சு. நல்லவராக இருந்தால் என்பதை நம்பி இறங்க எனக்குத் தைரியம் இல்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான்.

“இது உங்க வேலை இல்ல சகாயராஜ்” என்றேன்.

“சரிங்க மேடம்” என்று போய்விட்டார். முறுக்கு நன்றாக இருந்தது. மகள் பாதியைத் தின்றுவிட்டாள்.

நவம்பர் 8, வெள்ளி

சார் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். ‘ஆய்வகப் பணியாளர் அனுமதியின்றிச் சோதனை டிஸ்க்கை மெருகேற்றி, பிற டிஸ்க்குகளுடன் கலந்து வைத்ததால் ஆய்வுக்குக் குந்தகம் ஏற்பட்டது.’ கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

“அந்த ஆள் நாளைக்கு வெளியில எதையாவது உளறினா, இது நம்ம கையில இருக்கணும்மா. அவ்வளவுதான். யாரையும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல” என்றார்.

கலந்து வைத்தது உண்மைதானே. அவரே என் தப்பு என்று சொன்னார், நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. ‘அனுமதியின்றி’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன். “எடுத்தா அப்புறம் இது கடிதமே இல்லம்மா” என்றார். பேனாவையும் அவரே கொடுத்தார்.

வரும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன். திரும்பப் போய் வாங்கினேன்.

நவம்பர் 14, வியாழன்

அனுப்பியாயிற்று. 0.112, 0.109, 0.111. மூன்றும் மூன்று முத்துக்கள். ஒரு எண்ணும் பொய் இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

சகாயராஜுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. காலையில் தாள் கொடுத்தார்கள். யாரையும் ஒன்றும் பண்ணப் போவதில்லை என்று சொன்ன சார் இன்று மதுரையில் கருத்தரங்கில் இருக்கிறார்.

மாலைவரை சகாயராஜ் எல்லா நாளும் போலவே வேலை செய்தார். எல்லா டிஸ்க்கையும் எண்ணெய்த் தாளில் புதிதாகச் சுற்றி, குழி, சாதா என்று தனித்தனிப் பெட்டியில் வைத்து, மேலே எழுதி ஒட்டினார். சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தார்.

“மேடம், பழைய ரிஜிஸ்தர் ஒண்ணக் காணோமுங்க. எல்லாத்தையும் எண்ணிக் குடுக்கலாம்னு பார்த்தேன்.”

“அட்மின்ல இருக்கும்” என்றேன்.

“இருக்குமுங்க” என்றார். என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். அதற்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. “வைவாவுக்கு நல்லாத் தூங்கிட்டுப் போங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, டிஃபன் பையை எடுத்துக்கொண்டு போனார். பையன் பன்னிரண்டாவது படிக்கிறான் என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர் கேட்டார், “ஏன் உம்முனு இருக்கே?” தலைவலி என்றேன்.

டிசம்பர் 18, புதன்

வைவா. பச்சைப் பட்டுப் புடவை. அந்த வடக்கத்திப் பேராசிரியரே நேரில் வந்திருந்தார். மெலிந்த மனிதர், குரல் உயர்த்தாமல் பேசினார். நாற்பது நிமிடம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இரண்டு வகை டிஸ்க்குக்கும் கடைசி மெருகு ஒரே மாதிரிதானே போட்டீர்கள்?

சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

“யெஸ் சார்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் ‘டாக்டர் அம்மா’ என்று எழுதிய கேக் வாங்கி வந்திருந்தாள். நாத்தனார்கூட வந்து, ஆட்டுக்கல் பேச்சு இல்லாமல், வாயில் கேக் ஊட்டினாள். அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

ஜனவரி 13, திங்கள்

புது டைரி. கொடுத்தது அதே கம்பெனி. அட்டையில் இந்த வருடம் என் குழிகளின் படம் போட்டிருக்கிறார்கள், பெரிதாக்கி, நிலாவின் மேற்பரப்பு மாதிரி.

நாளை பொங்கல், இன்று காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலில் செருகினேன். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று வீட்டுக்காரர் அட்டாலியில் ஏறினார். அங்கே ஒன்றும் இல்லை, இறங்குங்க என்று சத்தம் போட்டு இறக்கினேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

காலையிலேயே சகாயராஜிடமிருந்து வாட்ஸ்அப். கரும்பும் பானையும் போட்ட படம். ‘பொங்கல் வாழ்த்துகள் டாக்டர் மேடம். குடும்பத்தாருக்கும் சொல்லவும்.’ கீழே இன்னொரு வரி: ‘எங்காவது ஃபிட்டர் வேலை இருந்தால் சொல்லவும்.’

பதினோரு மணிக்குப் பம்ப் கம்பெனி இன்ஜினீயர் பூபாலன் கூப்பிட்டார். பண்டிகை நாளில் தொந்தரவு பண்ணுகிறேன் என்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

“மேடம், புது லேசர் வந்துருச்சுங்க. பேரிங்குல குழி போட்டு ஓட்டிப் பார்த்துட்டோம். உராய்வு குறையவே மாட்டேங்குதுங்க. சாதாவும் குழியும் ஒரே மாதிரி காட்டுது.”

“பிசிறு எடுத்தீங்களா?”

“இந்த லேசர்ல பிசிறே வராதுங்க. அதனால தேய்க்கற வேலையே இல்லீங்க.”

அடுப்பில் பால் வைத்திருந்தேன், அணைத்தேன்.

“உங்க லேபுல மட்டும் எப்படிங்க அவ்வளவு குறைஞ்சுது? சௌந்தரபாண்டியன் சாரைக் கேட்டா, தேய்க்கறதெல்லாம் அங்க ஒருத்தர் பார்த்துக்கிட்டாரு, இப்ப அவரு இல்லைங்கறாரு. அவரு கைப்பக்குவம் ஏதோ இருக்குதுங்க மேடம். அவரை நாங்களே வேலைக்கு எடுத்துக்கறோம், பர்மனென்டாவே போட்டுடலாம். ஒரு நாள் பக்கத்துல நின்னு பார்த்தாப் போதும், என்ன நடந்துதுன்னு எங்களுக்குப் புரிஞ்சுரும். அவரு நம்பரை மட்டும் குடுங்க.”

ஒரு நாள் பக்கத்தில் நின்றால் போதும். அதுதான் எனக்கும் தெரியும்.

“அவர் நம்பர் எங்கிட்ட இல்லீங்களே” என்றேன். “ஊரைவிட்டே போய்ட்டாருன்னு கேள்வி.”

“அடடா. சரிங்க மேடம், பொங்கல் வாழ்த்துகள்” என்று வைத்துவிட்டார்.

பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினேன். பிறகு சகாயராஜுக்குப் பதில் போட்டேன். நன்றி, உங்களுக்கும் வாழ்த்துகள், வேலை ஏதாவது காதில் விழுந்தால் கட்டாயம் சொல்கிறேன்.